3டி பிரிண்ட் வீடு, பேனல் வீடு: 20×30 சைட்டில் கட்ட அரசுப் பணம் கிடைக்குமா?

லிங்கராஜபுரம் செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் அம்மா பெயரில் 20×30 அடி சைட் (வீட்டு மனை) இருக்கிறது, இ-காத்தாவும் (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) வந்துவிட்டது. அதில் ஷீட் போட்ட வீட்டில்தான் இருக்கிறோம். மழை பிடித்தால் ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீர் இறங்கி, பீரோ நிற்கிற சுவர் முழுக்க பூத்துப்போகிறது. இடித்துக் கட்டியே ஆக வேண்டும். ஆனால் வேலை முடிகிற வரை வெளியே வாடகை, அட்வான்ஸ் என்று போனால் கையிலிருப்பது அதிலேயே கரைந்துவிடும். அதனால்தான் சீக்கிரம் முடிகிற முறையைத் தேடுகிறேன்.

அல்சூர் பக்கம் கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் இருக்கும் 3டி பிரிண்ட் போஸ்ட் ஆபீஸைப் போய்ப் பார்த்தேன். சுவரில் கான்கிரீட் வரி வரியாக ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பது வெளியிலிருந்தே தெரிகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது. இப்படிப் புது முறையில் கட்டுகிறவர்களுக்கு மத்திய அரசு தனியாகப் பணம் தருகிறது என்கிறார்கள். உண்மையா? எங்கள் வருட வருமானம் 3 லட்சத்துக்குள்தான். அப்பாவுக்கு ஒரே கவலை, அந்தச் சுவரில் ஆணி நிற்குமா என்பது.

ப்ரீகாஸ்ட் குமார்:

செல்வி அக்கா, நான் இந்தத் தொழிலில் இருப்பவன். பணம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது யார் கைக்குப் போகிறது என்பதைப் பாருங்கள்.

2019இல் மத்திய அரசு உலகளாவிய வீட்டுத் தொழில்நுட்பப் போட்டி ஒன்று நடத்தி 54 முறைகளைத் தேர்ந்தெடுத்தது. அதிலிருந்து ஆறு ஊரில் ஆறு முறையில் 'லைட் ஹவுஸ்' குடியிருப்புகள் கட்டினார்கள். வழக்கமான 1.5 லட்சம் மானியத்துக்கு மேல், ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகத் தொழில்நுட்ப மானியமும் கொடுத்தார்கள். சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் ப்ரீகாஸ்ட்டில் எழும்பின. 2021 ஜனவரியில் அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு. சுவரும் ஸ்லாபும் தனியாக வார்க்கப்பட்டு வந்து, கிரேன் தூக்கி நிறுத்திய கட்டடங்கள் அவை.

இப்போது நடப்பது பிரதமர் ஆவாஸ் யோஜனா நகர்ப்புறம் 2.0. இதிலும் தொழில்நுட்ப மானியம் உண்டு. கூட்டாகக் கட்டும் மலிவு விலைக் குடியிருப்புக்கு சதுர மீட்டருக்கு 1,000 ரூபாய். வாடகைக் குடியிருப்புக்கு மத்திய அரசு 3,000, மாநில அரசு 2,000. ஆனால் சொந்த சைட்டில் தானே வீடு கட்டுகிற உங்களைப் போன்றவர்களுக்கான பி.எல்.சி. பிரிவில் அது கிடையாது. அங்கே மத்திய அரசு 1.5 லட்சம், மாநிலம் குறைந்தது 1 லட்சம். செங்கல்லில் கட்டினாலும் பேனலில் கட்டினாலும் அதே பணம்தான்.

இதில் எனக்கு வருத்தம் உண்டு அக்கா. ஆயிரம் வீடு கட்டுகிற கான்ட்ராக்டருக்கு, சுவர் வார்க்கிற அச்சின் செலவு ஆயிரம் வீட்டுக்குப் பிரிந்துவிடும், புது முறை அவருக்குக் கட்டுப்படியாகும். ஒற்றை வீடு கட்டுகிறவருக்குத்தான் அந்தக் கூடுதல் செலவு முழுக்கத் தலையில் விழுகிறது. உதவி அவருக்கு முதலில் வந்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்த போஸ்ட் ஆபீஸ். 1,021 சதுர அடி, எல் அண்ட் டி கட்டியது, ஐஐடி மெட்ராஸ் தொழில்நுட்ப உதவி, 45 நாள் கெடுவுக்கு முன்பே முடிந்தது. ஆனால் அந்த இயந்திரத்தை இறக்கி நிறுத்த இடம் வேண்டும். லிங்கராஜபுரம் சந்துகளில் எதிரே ஒரு ஆட்டோ வந்தாலே வண்டியை ஓரம் கட்ட வேண்டும். பிரிண்டரும் வராது, கிரேனும் வராது. உங்கள் தெருவுக்கு ஒத்துவருவது லைட் காஜ் ஸ்டீல் ஃப்ரேம். மெல்லிய எஃகுச் சட்டங்கள். இரண்டு பேர் தோளில் தூக்கி வந்துவிடலாம். ஸ்க்ரூ போட்டு நிறுத்தி, இரண்டு பக்கமும் சிமென்ட் போர்டு அடிப்பார்கள். அகர்தலா லைட் ஹவுஸ் குடியிருப்பை இந்த முறையில்தான் செய்தார்கள். கட்டுகிற கம்பெனியிடம் பி.எம்.டி.பி.சி. (புதுக் கட்டுமான முறைகளைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசு அமைப்பு) சான்று இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: போர்டில் அடித்த ஆணி பாரம் தாங்காது. டிவி, ஷெல்ஃப், பூஜை அலமாரி எங்கே வரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அந்த இடத்தில் உள்ளே கூடுதல் சட்டம் வைத்து மூடுவார்கள். பிறகு அந்த இடம் பாரம் தாங்கும்.

கம்மனஹள்ளி பெரியவர்:

செல்வியம்மா, புது முறை என்றால் இரும்பும் இயந்திரமும்தான் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் 'அஸ்த்ரா' என்று ஒரு மையம் தொடங்கினார்கள். மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் சேர்த்து அழுத்தும் கட்டிகளை அங்கேதான் வளர்த்தெடுத்தார்கள். அதுவும் அரசுப் பணத்தில் பிறந்த வித்தைதான்.

என் வீட்டின் மேல்மாடி அந்தக் கட்டியில் கட்டியது. மண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமென்ட் கலந்து, பெட்டியில் போட்டு நெம்புகோலை இழுத்தால் கட்டி சதுரமாக வெளியே வரும். சூளை கிடையாது. நிழலில் அடுக்கி இரண்டு மூன்று வாரம் தண்ணீர் தெளித்தால் இறுகிவிடும். சன்ஷேடு மட்டும் அகலமாக வையுங்கள், மழை நேராகச் சுவரில் அடிக்கக் கூடாது. உள்ளே நான் பூசவே இல்லை, சிவப்பாக அப்படியே விட்டிருக்கிறேன். பூச்சுக் கூலியும் மிச்சம். அப்பாவின் ஆணியும் நிற்கும்.

லிங்கராஜபுரம் செல்வி:

ரொம்ப நன்றி குமார் அண்ணா, ஐயா. பி.எல்.சி. பணத்தோடு வங்கிக் கடனுக்கான வட்டி மானியமும் சேர்த்து வாங்கலாமா?

ஹெச்.ஏ.எல். ஜெயந்தி:

இரண்டில் ஒன்றுதான் செல்வி. வட்டி மானியம் என்றால் 25 லட்சம் வரையான கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம், மொத்தம் 1.8 லட்சத்துக்கு மிகாமல் ஐந்து வருடத் தவணையில் வரும். வீட்டின் மதிப்பு 35 லட்சத்தைத் தாண்டக் கூடாது. லிங்கராஜபுரம் சைட் விலை தெரியுமே, மதிப்பில் நிலத்தையும் சேர்ப்பார்களா என்று வங்கியில் முதலிலேயே கேட்டுவிடு. 3 லட்சம் வருமானத்துக்கு உனக்கு பி.எல்.சி.தான் மேல் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் அதில் வீடு 30 முதல் 45 சதுர மீட்டருக்குள்தான் இருக்க வேண்டும், அதாவது 484 சதுர அடி வரை. குடும்பத்தில் யாருக்கும் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. சைட் அம்மா பெயரில் இருப்பது நல்லதுதான், பெண் பெயரில் வீடு இருப்பதையே திட்டமும் விரும்புகிறது. பணம் ஒரேயடியாக வராது. அஸ்திவாரம், லின்டல் (கதவு, ஜன்னல் மேல் வரும் தாங்கு பட்டை), கூரை என்று ஒவ்வொரு கட்டத்திலும் இடக்குறியோடு போட்டோ எடுத்த பிறகுதான் அடுத்த தவணை. அதுவரை மேஸ்திரிக்குக் கொடுக்க கையில் பணம் வைத்துக்கொள்.

ப்ரீகாஸ்ட் குமார்:

ஜெயந்தி அக்கா சொன்ன போட்டோ விஷயம் முக்கியம். ஸ்டீல் ஃப்ரேமில் லின்டலும் கூரையும் கிட்டத்தட்ட ஒன்றாக எழும்பிவிடும். இன்ஜினியர் பார்க்க வருவதற்குள் போர்டு அடித்து மூடிவிட்டால் தகராறு. மனு போடும்போதே எந்த முறையில் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்து, எந்தக் கட்டத்தில் போட்டோ எடுப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது இருக்கும் ஷீட் வீட்டையும் இடிப்பதற்கு முன்பே அவர்கள் வந்து பார்த்துவிடட்டும்.