உள்ளூர்ப் பொருளாதாரத்துக்காக உழைக்கும் அறக்கட்டளைக்கு எத்தகையவர் பொறுப்பேற்க வேண்டும்?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். தேனி மாவட்டத்தில் இயங்கும் சிறிய அறக்கட்டளை ஒன்றில் நான் அறங்காவலராக இருக்கிறேன். இந்த வட்டாரத்தில் விளையும் சிறுதானியம், மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி, கைத்தறித் துண்டு ஆகியவை இயன்றவரை இங்கேயே விற்றுத் தீர வேண்டும், அந்தப் பணமும் இங்கேயே நான்கைந்து கை மாறிய பிறகே வெளியே போக வேண்டும் என்பதுதான் எங்கள் நோக்கம். தொடக்கத்திலிருந்து பொறுப்பில் இருக்கும் செயலாளர் வயது காரணமாக விலக விரும்புகிறார்.

அவருடைய இடத்துக்கு இருவர் பெயர்கள் முன்மொழியப்பட்டுள்ளன. ஒருவர் மேலாண்மை படித்தவர். பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெறுவதில் தேர்ந்தவர். மற்றவர் எங்களிடமே களப்பணியாளராகச் சேர்ந்தவர். எந்த ஊரில் யாரிடம் எவ்வளவு எள் இருப்பில் இருக்கிறது என்பது வரை அறிந்தவர், ஆனால் ஆண்டுத் திட்டம் எழுதச் சொன்னால் ஒதுங்கிவிடுவார். இத்தகைய அமைப்புகளை நடத்தியவர்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்களாக இருந்தார்கள் என்று அறிந்தவர்கள் சொன்னால், எங்கள் கூட்டத்தில் பேசுவதற்கு உதவியாக இருக்கும்.

கணக்காயன்:

ஐயா, கேள்வியை ‘நிதி திரட்டுபவரா, களப்பணியாளரா’ என்று அமைத்ததுமே மூன்றாவது தகுதி ஒன்று கண்ணில் படாமல் போய்விடுகிறது. தணிக்கைத் தொழிலில் இருப்பதால் எனக்கு இந்தச் சாய்வு இருக்கலாம். ஆயினும், நம் நாட்டில் இத்துறையின் முன்னோடி அமைப்பைக் கட்டியவரே ஒரு கணக்காயர்தான்.

1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் தொழில் நடத்தி, பிறகு அமெரிக்காவில் சிராக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் வணிக நிர்வாகமும் பொது நிதியும் படித்தவர். 1929-இல் காந்தியைச் சந்தித்தபின் அவர் செய்த முதல் பெரிய வேலை, குஜராத்தின் கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் மாணவர்களோடு ஊர் ஊராகச் சென்று குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுத்ததுதான். 1934 ஜனவரியில் பீகாரில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, நிவாரண நிதியின் கணக்குப் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கே வந்த காந்தியின் குழுவினருக்கான உணவுச் செலவைக்கூட அந்த நிதியில் எழுத அவர் மறுத்ததாக அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் செயலாளராக அவர் நியமிக்கப்பட்டதற்கு இந்தக் கண்டிப்பும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அச்சங்கம் செய்த வேலைகளைப் பார்த்தால் கணக்கறிவு எங்கே பயன்பட்டது என்பது விளங்கும். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், வெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம் ஆகியவற்றை அது வளர்த்தது. செக்கின் அமைப்பைத் திருத்தி, குறைந்த உழைப்பில் கூடுதல் எண்ணெய் எடுக்க வழி செய்தது. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கும் அங்கே உருவானது. மண்ணெண்ணெய்க்குக் கொடுக்கும் காசு ஊரை விட்டு மட்டுமன்றி நாட்டை விட்டே போய்விடும்; தாவர எண்ணெய்க்குக் கொடுக்கும் காசோ எண்ணெய் வித்து விளைவித்தவருக்கும் செக்கு ஓட்டுபவருக்கும் போகும். விளக்கைக்கூட இப்படிப் பணத்தின் வழியை வைத்துப் பார்ப்பவர்தான் இத்தகைய அமைப்புக்குத் தேவை.

ஆகவே இருவரிடமும் ஒரே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் விற்கும் ஒரு லிட்டர் நல்லெண்ணெயின் விலையில் எள் விளைவித்தவருக்கு எவ்வளவு, செக்குக் கூலி எவ்வளவு, போத்தலுக்கும் அதில் ஒட்டும் பெயர்ச்சீட்டுக்கும் எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, இவற்றில் எத்தனை ரூபாய் மாவட்டத்தைத் தாண்டிப் போகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உள்ளூர் எண்ணெய் என்று பெயரிட்டு விற்கும் பலரிடம், எள்ளே வேறு மாநிலத்திலிருந்து வருவதை நான் தணிக்கையில் பார்த்திருக்கிறேன்.

குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை உங்களுக்குத் தொலைவில்லாத தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் கழித்தார். 1960 ஜனவரி 30 அன்று காலமானார். உங்கள் அறங்காவலர்கள் ஒருமுறை அங்கே சென்று வரலாம்.

நெல்லிமரம்:

கணக்காயன் அவர்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஒப்பீடு முழுமையானதாக இல்லை. குமரப்பாவுக்குப் பின்னால் காந்தி இருந்தார். வார்தாவில் அச்சங்கம் இயங்கிய மகன்வாடி வளாகத்தின் இடத்தைத் தொழிலதிபர் ஜம்னாலால் பஜாஜ் கொடுத்தார். இன்று ஒரு சிறிய அறக்கட்டளையின் செயலாளர், மாதச் சம்பளத்துக்கு வழி தேடுவதிலேயே பாதி நாளைச் செலவிடுகிறார். நிதி திரட்டத் தெரிந்தவரை இரண்டாம் நிலைக்குத் தள்ளிவிட்டால், மற்றவருடைய களஅறிவுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

கோப்பாயன்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நெல்லிமரம் கேட்ட கேள்விக்கு எங்கள் நாட்டுச் சர்வோதய இயக்கத்தின் வரலாறு ஓரளவு விடை தரும். கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன, 1958-இல் மாணவர்களை ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனத்தொலுவ என்ற கிராமத்துக்குச் சிரமதானத்துக்காக, அதாவது ஊருக்காகக் கூலியின்றி உழைப்பதற்காக, அழைத்துச் சென்றதிலிருந்து அது தொடங்கியது. பின்னர் நாடெங்கும், எங்கள் வடக்கிலும் கிழக்கிலும்கூட, அது பரவியது. 1980-களில் வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து அதற்குப் பெருந்தொகை வழங்கின. பணம் வளர வளர, வேலையை எப்படி அளப்பது, எதற்கு முதலிடம் கொடுப்பது என்பவற்றில் கொடையாளிகளின் சொல்லும் வளர்ந்தது. 1990-களில் அந்த உதவி சுருங்கியபோது இயக்கம் பணியாளர்களைக் குறைக்க நேர்ந்தது. நிதி திரட்டும் திறமை எவ்வளவு பெரிதோ, அந்த நிதி நின்றுபோகும் நாளுக்கான ஆபத்தும் அவ்வளவு பெரிது.

அந்தச் சுருக்கத்துக்குப் பிறகும் இயக்கம் நிலைத்ததற்கு நான் காணும் காரணங்கள் இரண்டு. கிராமந்தோறும் அமைந்த சர்வோதய சங்கங்கள் தனித்தனியே சட்டப்படி பதிவுபெற்றவை. தலைமையகத்தின் கிளைகளாக மட்டும் அவை இருக்கவில்லை. சிறுகடன் வேலையும் 1980-களிலேயே தனிப் பிரிவாக அமைக்கப்பட்டு, காலப்போக்கில் அதிலிருந்து ஒரு நிதி நிறுவனமே உருவாயிற்று. ஆரியரத்ன 2024 ஏப்ரலில் காலமானார். ஆனால் அவருடைய மகனான மருத்துவர் வின்யா அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நிர்வாகத்துக்கு வந்துவிட்டார். தந்தைக்குப் பின் மகன் என்பது எனக்கு அவ்வளவு உவப்பான வழியன்று. எனினும், மூத்தவர் இருக்கும்போதே அடுத்தவர் பொறுப்பில் பழகிவிட்டார் என்பதைக் குறைத்துச் சொல்ல முடியாது. உங்கள் செயலாளரும் விலகுமுன் சிறிது காலம் புதியவரோடு சேர்ந்து பணியாற்றச் சம்மதிப்பாரா?

வைகைக்கரை:

மூவருக்கும் நன்றி. செயலாளர் ஓராண்டு உடனிருக்க ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன். விற்பனை முழுவதும் இதுவரை அறக்கட்டளையின் பெயரிலேயே நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மேலாண்மை படித்தவர், விற்பனையைப் பெருக்கினால் நன்கொடையே தேவைப்படாது என்கிறார்.

கணக்காயன்:

அப்படியானால் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்பாகவே தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. உங்கள் அறக்கட்டளையின் நோக்கம் வருமான வரிச் சட்டத்தின்படி ‘பொதுப்பயன்’ என்ற வகையில் வருமானால், வணிகத் தன்மையுள்ள வரவு ஆண்டின் மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஆண்டுக்கான வரிவிலக்கு போய்விடும். ஏழைகளுக்கு உதவுதல் என்ற வகையில் வந்தால் இந்த வரம்பு பொருந்தாது; ஆனால் அதை ஆவணங்களால் நிறுவ வேண்டும். விற்பனையைப் பெருக்குவதற்கு முன் உங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தையும் பதிவுச் சான்றையும் உங்கள் தணிக்கையாளரிடம் காட்டுங்கள்.

விற்பனையை உழவர்களும் செக்கு வைத்திருப்பவர்களும் உறுப்பினர்களாக உள்ள உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றுக்கு மாற்றிவிடுவது பலரும் பின்பற்றும் வழி. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் அதைப் பதிவு செய்யலாம். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் தனிநபர் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்குதான். ஆந்திரத்தின் பழைய அனந்தப்பூர் மாவட்டத்தில் பப்லு கங்குலி, மேரி வட்டமட்டம் ஆகியோர் 1990-இல் தொடங்கிய டிம்பக்டு கலெக்டிவ் ஏறத்தாழ இத்தகைய பிரிப்பைத்தான் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் செய்தது. அங்கே விளைபொருளை வாங்கிப் பக்குவப்படுத்தி விற்பது உழவர்களின் தரணி கூட்டுறவு; பெண்களின் சேமிப்பையும் கடனையும் நடத்துவது அவர்களுடைய தனிக் கூட்டுறவுகள். தாய் அமைப்பு நிலம், நீர், கல்வி, பயிற்சி போன்றவற்றில் கவனம் செலுத்துகிறது.

நெல்லிமரம்:

இதை ஏற்கிறேன். முதலீட்டுப் பணத்துக்கு எப்போதும் வெளியே போக வேண்டியதில்லை என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து கிரேட் பாரிங்டனில், ‘சிறியதே அழகு’ என்ற நூலை எழுதிய பொருளியலாளர் ஷூமாக்கர் பெயரிலான அமைப்பை 1980 முதல் ராபர்ட் ஸ்வானும் சூசன் விட்டும் நடத்தினார்கள். 1989-இல் அவ்வூர்ச் சிற்றுண்டிக் கடைக்காரர் ஒருவர் கடையை இடம் மாற்ற வேண்டியிருந்தபோது வங்கி கடன் தரவில்லை. அந்த அமைப்பின் யோசனைப்படி அவர் 10 டாலர் மதிப்புள்ள உணவுச் சீட்டுகளை 8 டாலருக்கு முன்கூட்டியே விற்று, 5,000 டாலர் திரட்டினார். எல்லோரும் ஒரே நாளில் சீட்டோடு வந்து நின்றுவிடாதபடி ஒவ்வொரு சீட்டிலும் வெவ்வேறு தொடக்கத் தேதி போடப்பட்டிருந்தது. அமைப்பு தன் பணத்தைக் கொடுக்கவில்லை. கடைக்கு வழக்கமாக வருபவர்களிடமே முதலீட்டுப் பணம் இருப்பதைக் காட்டியது. உங்கள் வாடிக்கையாளர்களிடம் செக்குப் பருவத்துக்கு முன்பாகவே எண்ணெய்க்கு முன்பணம் பெறும் திட்டத்தை யாரால் வகுக்க முடியும் என்பதையும் இருவரிடமும் கேட்கலாம். ஆனால் சட்டப்படி அது வைப்புத்தொகையாகக் கருதப்படாத வகையில் அமைய வேண்டும். அதைக் கணக்காயன் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கணக்காயன்:

பொருளுக்கான முன்பணம் என்றால், குறித்த காலத்துக்குள் பொருளைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும், வட்டி என்ற சொல்லே அதில் வரக் கூடாது. மற்றதை உங்கள் தணிக்கையாளர் எழுத்தில் தரட்டும்.

இன்னொன்று. உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு முழுநேரத் தலைமை நிர்வாகி ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். எனவே உங்களுக்குத் தேவைப்படுபவர்கள் இருவராகிவிடலாம். அந்தப் பொறுப்புக்கு மேலாண்மை படித்தவரும் அறக்கட்டளைக்குக் களப்பணியாளரும் என்று உடனே பங்கிட்டுவிடாதீர்கள். எள் கொள்முதலும் விலைப்பேச்சும் அறிந்த களப்பணியாளருக்கு, கணக்கெழுத ஒருவரைத் துணையாகக் கொடுத்தால், நிறுவனமே பொருத்தமாக இருக்கலாம். அவருடைய விருப்பம் என்ன என்று இதுவரை நம்மில் யாரும் கேட்கவில்லை. கூட்டத்துக்கு முன் நீங்கள் கேட்டுவிடுங்கள்.