மறுமொழி: யுனிவர்சல் மில்லிங் மிஷின் – 'உலகளாவிய' வேண்டாமே

> யுனிவர்சல் என்றால் உலகளாவிய. அதைத் துருவல் பொறிக்கு முன்னால் சேர்த்தால் முடிந்தது.

வணக்கம். யுனிவர்சல் மில்லிங் மிஷினுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் வந்த கருத்துதான் மேலே இருப்பது. (சுழலும் வெட்டுக்கருவியால் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மிஷினைத்தான் துருவல் பொறி என்கிறோம்.) அதோடு முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உலகமெங்கும் விற்றதால் வந்த பெயர் இல்லை இது. இழையில் மாற்றாகச் சொன்ன 'பல்நோக்கு' கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் சாதாரணத் துருவல் பொறியும் பல வேலை செய்யுமே. முதலில் இதைச் செய்தவர்களுக்கு என்ன தேவை இருந்தது என்று பார்க்கலாம்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரம். டேவிட் பிரவுனும் மகன் ஜோசப்பும் 1833-இல் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை போட்டார்கள். லூசியன் ஷார்ப் அங்கே தொழில் பழக வந்து, 1853-இல் ஜோசப்புக்குக் கூட்டாளி ஆனார். அதுதான் பிரவுன் அண்ட் ஷார்ப். 1858 முதல் வில்காக்ஸ் அண்ட் கிப்ஸ் தையல் மிஷினைச் செய்துகொடுத்ததில் கம்பெனி நிமிர்ந்தது.

உள்நாட்டுப் போர் வந்தது. அதே ஊரில் துப்பாக்கி செய்த பிராவிடன்ஸ் டூல் கம்பெனிக்கு, மருந்தைப் பற்றவைக்கும் வெடிமூடி மாட்டும் சின்னக் குமிழில் துளை போட ட்விஸ்ட் டிரில் ஏராளமாகத் தேவைப்பட்டது. அந்த டிரில்லின் முறுக்குக் காடியை வட்ட அரத்தால் கையாலேயே ராவி எடுத்துக்கொண்டிருந்தார்கள்! அங்கே மேற்பார்வையாளராக இருந்த பிரெடரிக் ஹோவ், ஜோசப் பிரவுனிடம் வழி கேட்டார்.

பிரவுன் டிரில்லுக்கு மட்டும் ஒரு மிஷின் செய்து கொடுத்திருக்கலாம். அவர் செய்தது வேறு. மேசையை வேண்டிய கோணத்துக்குத் திருப்பி வைக்கலாம். மேசையை நகர்த்தும் திருகிலிருந்து பற்சக்கரங்கள் வழியாக டிவைடிங் ஹெட்டுக்கு (வேலைப்பொருளைப் பிடித்து, வேண்டிய அளவு சுற்றித் தரும் தலை) இணைப்பு. மேசை முன்னே போகப் போக, வேலைப்பொருள் தானும் சுழலும். வெட்டுக்கருவி நின்ற இடத்திலேயே சுற்ற, காடி முறுக்காக விழும். சக்கரங்களை மாற்றினால் முறுக்கும் மாறும். பற்சக்கரம் வெட்டவும் இதே மிஷின் போதும். முதல் மிஷின் 1862 மார்ச்சில் ஹோவின் கம்பெனிக்கே போனது.

ஆக, கோணம்தான் இதன் உயிர். 'சுழல்மேசைத் துருவல் பொறி' என்று யோசித்தேன். வேலைப்பொருளைச் சுற்றித் தரும் தனி வட்டமேசையான ரோட்டரி டேபிளோடு குழம்பும். 'பல்கோண' என்றால் கணக்குப் புத்தகத்துப் பலகோணம் ஞாபகம் வரும். என் பரிந்துரை: எக்கோணத் துருவல் பொறி. எந்தக் கோணமும் வைக்கலாம் என்ற பொருள் நேராக வருகிறது. அதே கம்பெனி 1876-இல் செய்த யுனிவர்சல் கிரைண்டரிலும் மேசையும் தலைகளும் திரும்பும். அதையும் 'எக்கோணச் சாணைப் பொறி' என்று சொல்லிவிடலாம்.

வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் யுனிவர்சல் சக்குக்கு மட்டும் இந்த முன்னொட்டு வேண்டாம். அங்கே தாடைகள் எல்லாம் ஒன்றாக நகர்வதுதான் விஷயம், கோணமே இல்லை. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

அப்புறம், டிவைடிங் ஹெட்டுக்கு 'பகுப்புத் தலை' என்று எழுதி வருகிறேன். பட்டறையில் இருப்பவர்கள் வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.