புதுப்பிப்பு: டபிள்யூபிஏ3 ரௌட்டர் வாங்கிவிட்டேன், பழைய பிரிண்டர் இணைய மறுத்ததற்கும் தீர்வு கிடைத்தது

பழைய ரௌட்டரை மாற்றும்போது வேகத்தைவிடப் பாதுகாப்பையே முதன்மையாகக் கொண்டு எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பெட்டியில் டபிள்யூபிஏ3 (வைஃபை இணைப்பைக் காக்கும் புதிய பாதுகாப்பு முறை) என்று இருப்பது மட்டும் போதாது, அந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது ஃபர்ம்வேர் (ரௌட்டரை இயக்கும் உள்மென்பொருள்) வெளியானது என்றும் பாருங்கள் என்ற யோசனையே முடிவைத் தீர்மானித்தது. நான் பார்த்த இரண்டில் விலை குறைந்ததற்கு மூன்று ஆண்டுகளாகப் புதுப்பிப்பே இல்லை. எனவே மற்றதை வாங்கினேன். 2017-இல், இதற்கு முந்தைய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-இல் கிராக் என்னும் குறைபாடு வெளிப்பட்டபோது, மென்பொருள் திருத்தம்தான் அதற்கு மருந்தாக இருந்தது என்பதால், இந்த அளவுகோலை நான் மிகவும் மதிக்கிறேன்.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 ஆகிய இரண்டு முறைகளையும் ஏற்கும் கலப்பு அமைப்பில் கைப்பேசிகளும் மடிக்கணினியும் உடனே இணைந்தன. பிரிண்டர் மட்டும் இணையவில்லை. விருந்தினர் வலையமைப்பில் சேர்த்தபோது இணைந்தது, ஆனால் அது மற்ற கருவிகளிலிருந்து பிரித்துவைக்கப்படுவதால் அச்சிட முடியவில்லை. இறுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனிப்பெயர் கொடுத்து, ஏஇஎஸ் குறியாக்கத்துடன் டபிள்யூபிஏ2-ஐ மட்டும் வைத்தேன். 5 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ3 மட்டுமே உள்ளது. இப்போது அச்சு தடையின்றி வருகிறது.

இரண்டுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைக்கவில்லை. டபிள்யூபிஏ2 இணைப்பைப் பதிவுசெய்து கடவுச்சொல்லைப் பிறகு ஊகித்துப் பார்க்க முடியும் என்பதால், ஒரே சொல்லாக இருந்தால் டபிள்யூபிஏ3-இன் காப்பும் பயனற்றுப் போகும். கடவுச்சொல்லைத் தட்டாமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும் நீங்கள் சொன்னபடியே அணைத்துவிட்டேன்.