18ஆம் இலக்க ஜேர்சி: எடி பெற்ஸ் பற்றி விபரம் தெரிந்தவர்கள் உதவவும்

வட்டக்கச்சியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். அடிலெயிட்டில் வசிக்கும் அண்ணனின் குடும்பம் மார்கழி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தது. என் பெறாமகன் நீலம், சிவப்பு, மஞ்சள் பட்டைகள் போட்ட ஜேர்சி ஒன்றை அணிந்துகொண்டு, கையில் முட்டை வடிவத் தோற்பந்து ஒன்றோடு வந்து இறங்கினான். ஜேர்சியின் முதுகில் 18 என்று இருந்தது. மறுநாளே வேலிக்கு வெட்டி வைத்திருந்த கதியால்களில் நான்கை எடுத்து, உயரமான இரண்டை நடுவிலும் குட்டையான இரண்டை இரு பக்கங்களிலுமாக வரிசையாக நட்டுவிட்டான். பிறகு நேர் எதிரே நின்று உதைக்காமல், கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து நிற்பதுபோலத் தெரியும் வேலியோரத்துக்குப் போய் நின்றுகொண்டு உதைத்தான். ஏழு தடவை பந்து வாய்க்காலுக்குள் விழுந்தது. எட்டாவது தடவை வெளிப்பக்கமாகப் போவதுபோலப் போய், காற்றிலேயே வளைந்து, நடுக் கதியால்களுக்கு இடையே புகுந்தது. “எடி பெற்ஸ்!” என்று கத்திக்கொண்டு ஓடினான்.

எங்கள் மாணவர்களின் கையெழுத்துச் சஞ்சிகையில் விளையாட்டுக்கென ஒதுக்கிய இரண்டு பக்கங்களில் இவரைப் பற்றி எழுதலாம் என எண்ணுகிறேன். இவர் எப்படிப்பட்ட வீரர்? இந்த மூலையிலிருந்து உதைப்பதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? மைதானத்தில் இவர்மீது யாரோ வாழைப்பழம் எறிந்ததாகவும் அண்ணன் சொன்னார். வாசிக்கப்போகிறவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் என்பதால், அதையும் எழுதுவதா விடுவதா என்று தெரியவில்லை.

முள்ளியவளை_மீண்டவன் எழுதியது:

வணக்கம் மாஸ்ரர். மெல்பேர்ணில் பத்து ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். இது நாங்கள் ஆடும் உதைபந்தாட்டம் அல்ல, முட்டை வடிவப் பந்தால் ஆடும் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்தால் கோல், அதற்கு 6 புள்ளிகள். நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையே போனால் 1 புள்ளிதான். அதற்கு “பிஹைன்ட்” என்று பெயர். நடுக் கம்பத்தில் பட்டு உள்ளே போனாலும் அதே ஒரு புள்ளிதான். குறுக்குக் கம்பமும் இல்லை, வலையும் இல்லை, கோல் காப்பாளரும் இல்லை. ஆகவே நேர் எதிரிலிருந்து உதைப்பவருக்கு வேலை இலகு. பெறாமகன் நின்ற அந்த ஓர மூலையைப் “பொக்கற்” என்பார்கள். அங்கிருந்து பார்த்தால் கம்பங்களுக்கு இடையே ஒரு கோடளவு வெளிதான் தெரியும். பந்தைச் சாய்த்துப் பிடித்துக் காலில் விழவிட்டு, பக்கவாட்டில் வெட்டி உதைத்துச் சுழலவைத்தால்தான் அது வளைந்து அந்த வெளிக்குள் போகும். அடிலெயிட் ஓவல் மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து பெற்ஸ் திரும்பத் திரும்பக் கோல் போட்டதால், இரசிகர்கள் அந்த மூலைக்கே “எடியின் பொக்கற்” என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் தென் அவுஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில் 1986இல் பிறந்தவர். அங்கும், மேற்கே கல்கூர்லி என்ற தங்கச் சுரங்க நகரிலும் வளர்ந்த பூர்வகுடிப் பிள்ளை. 2005 முதல் 2013 வரை மெல்பேர்ண் கழகமான கார்ல்டன், 2014 முதல் 2019 வரை அடிலெயிட், கடைசி இரண்டு ஆண்டுகள் மீண்டும் கார்ல்டன் என விளையாடி, 350 ஆட்டங்களில் 640 கோல்களுடன் 2021இல் ஓய்வு பெற்றார். ஆண்டின் சிறந்த கோலுக்கான விருது அவருக்கு நான்கு தடவை கிடைத்தது: 2006, 2015, 2016, 2019. கிண்ணம் மட்டும் கையில் சேரவில்லை. 2017 இறுதியாட்டத்தில் அடிலெயிட் 48 புள்ளிகளால் ரிச்மண்டிடம் தோற்றது. பிறவித் திறமை என்றால் அதுதான், மாயக்காரன்போல விளையாடுவார்.

பாலியாற்றங்கரை எழுதியது:

மேலே எழுதிய அண்ணாவின் விபரங்கள் சரியானவை. ஆனால் “பிறவித் திறமை”, “மாயக்காரன்” என்ற சொற்களைப் பிள்ளைகளின் சஞ்சிகையில் போடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பூர்வகுடி வீரர்களைப் பற்றி அங்குள்ள வர்ணனையாளர்களும் நெடுங்காலமாக இப்படித்தான் பேசி வந்தார்கள். கேட்கப் புகழ்ச்சியாக இருந்தாலும், அந்தச் சொற்கள் அவர்களுடைய உழைப்பை மறைத்துவிடுகின்றன. பெற்ஸ் சற்றேறக்குறைய 174 சென்ரிமீற்றர் உயரமானவர். இரண்டு மீற்றர் உயரமானவர்கள் துள்ளி எழுந்து பந்தைப் பிடிக்கும் ஆட்டத்தில், அவர்களின் காலடியில் பந்து எங்கே சிதறி விழும் என்று முன்கூட்டியே கணித்து நிற்பதும், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடும் எதிரணியினரைத் துரத்தி மடக்குவதுமே இப்படியான சிறிய முன்கள வீரர்களின் வேலை. கோல் போடாத நாட்களிலும் அவர் அணிக்குத் தேவைப்பட்டது அதனால்தான்.

இனி வாழைப்பழ விடயம். 2016 ஆகஸ்டில், அடிலெயிட் ஓவலில், அதே நகரத்தின் மற்றைய அணியான போர்ட் அடிலெயிட்டுக்கு எதிரான ஆட்டத்தில், அந்த அணியின் இரசிகை ஒருவர் எறிந்தார். அவர் ஆதரித்த கழகமே அவரைத் தடைசெய்தது. அந்த வளைந்த உதைக்கு அங்கே “பனானா கிக்”, அதாவது வாழைப்பழ உதை, என்பதும் ஒரு பெயர். எந்தப் பழத்தின் பெயரைக் கொண்ட உதைக்காக ஊரே எழுந்து நின்று கைதட்டியதோ, அந்தப் பழத்தையே கொண்டு, குரங்கோடு ஒப்பிடும் இனவெறியோடு அவரை இழிவுபடுத்தினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கசக்கும். இது அவரோடு தொடங்கிய கதையுமல்ல. 1993இல் நிக்கி வின்மார் என்ற பூர்வகுடி வீரர் கூட்டத்தினரின் வசையைக் கேட்டபின் ஜேர்சியை உயர்த்தித் தன் தோலைச் சுட்டிக்காட்டினார். அடம் கூட்ஸ் என்ற இன்னொரு பூர்வகுடி வீரரை 2015இல் ஆட்டத்துக்கு ஆட்டம் கூச்சலிட்டே வெளியேற்றினார்கள்; அதற்குப் போட்டிகளை நடத்தும் லீக் நிர்வாகம் 2019இல்தான் மன்னிப்புக் கேட்டது.

பெற்ஸ் இன்னொரு காயத்தையும் வெளியில் சொன்னார். 2017 தோல்விக்குப்பின், 2018இன் தொடக்கத்தில் அடிலெயிட் அணியினரைக் கோல்ட் கோஸ்ற்றில் ஒரு பயிற்சி முகாமுக்கு அழைத்துச் சென்றார்கள். தான் நம்பிச் சொன்ன அந்தரங்க விடயங்களே அங்கு தன்மீது வசையாக வீசப்பட்டதாகவும், பூர்வகுடிச் சடங்குகள் மதிப்பின்றிப் பயன்படுத்தப்பட்டதாகவும் 2022இல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதினார். கழகமும் லீக் நிர்வாகமும் அதன் பின்னரே அவரிடம் மன்னிப்புக் கேட்டன.

ஓய்வுபெற்ற_வாத்தியார் எழுதியது:

தம்பி, கட்டாயம் எழுதுங்கள். நம்முடைய பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இழிவு என்றால் என்ன என்று யாரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டில் கேட்டே வளர்ந்தவர்கள். ஆனால் பழத்தில் தொடங்காதீர்கள். பதினெட்டு வயதில் கார்ல்டன் அணிக்கு வந்தபோது தனக்குச் சரிவர எழுத வாசிக்கத் தெரியாது என்பதை இந்த மனிதர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். வளர்ந்த பிறகு படித்தார். பின்னர் சிறுவர்களுக்கான நூல்களையே எழுதினார். பின்வாங்கில் தலையைக் குனிந்துகொண்டு, வாசிக்கச் சொல்லி எழுப்பிவிடுவார்களோ என்று பயந்திருக்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள் அல்லவா?

வட்டக்கச்சியான் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. முதற் பக்கத்தில் வாசிக்கத் தெரியாத பையன் நூல் எழுதிய கதையையும், எதிரணியினரைத் துரத்தி மடக்கும் வேலையையும் எழுதப்போகிறேன். இரண்டாம் பக்கத்தின் மேலே நான்கு கதியால்களும் வளைந்து போகும் பந்தின் பாதையும் படமாக வரும். அதன் கீழே 2016இல் நடந்ததை அப்படியே எழுதுவோம். படம் வரைய ஒப்புக்கொண்டவன், வாசிப்புப் பாடமென்றால் தண்ணீர் குடிக்கப் போகவேண்டும் என்று கேட்பவன்தான். பந்தை எந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பது என்று படத்தில் காட்டவேண்டுமாம். முள்ளியவளை அண்ணா, அதை மட்டும் ஒருக்கால் விளக்கமாக எழுதிவிடுங்கள்.