பேஸ்மென்ட் கழிவுநீர் பம்ப் உறுமுகிறது, தண்ணீர் இறங்கவில்லை: ரிப்பேர் செய்யலாமா, மாற்ற வேண்டுமா?

நிலவறைவாசி:
வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு குளியலறையும் வாஷிங் மெஷினும் இருக்கின்றன. வெளியே போகும் சாக்கடைக் குழாய் அந்தத் தளத்தைவிட உயரத்தில் இருப்பதால், கழிவெல்லாம் தரைக்கடியில் உள்ள மூடிய தொட்டியில் விழும். அங்கிருந்து பம்ப் மேலே தள்ளும். அரை எச்.பி. சப்மெர்சிபிள் (தண்ணீரில் மூழ்கியே ஓடுவது), ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் ஏறும்போது மிதந்து பம்பை ஆன் செய்வது) உண்டு. வீடு வாங்கும்போதே இருந்தது, வயது தெரியாது.

நேற்றிலிருந்து பம்ப் உறுமுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது, பிறகு மறுபடி உறுமுகிறது. ஷவர் வடிகாலில் அழுக்குத் தண்ணீர் ஏறி நிற்கிறது. பார்க்க வந்தவர் மூடியைத் திறக்காமலே "பம்ப் போச்சு, புதுசு போடுங்க" என்கிறார். எதை முதலில் பார்ப்பது?

குழாய்ப்பணி:
முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தத் தொட்டியில் விழும் எதையும் பயன்படுத்தாதீர்கள். மேல்தளத்துக் கழிவு பல வீடுகளில் நேராக வெளியே போய்விடும், ஆனால் எல்லா வீட்டிலும் இல்லை. மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டு, தொட்டியில் விழும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் மேலே உள்ளதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

உறுமுகிறது என்றால் கரன்ட் மோட்டார்வரை போகிறது. அதனால் ஃப்ளோட் இப்போதைக்குக் குற்றவாளி இல்லை. தானாக நிற்பது, உள்ளே இருக்கும் ஓவர்லோடு பாதுகாப்பு சுவிட்ச் சூடேறிக் கட் ஆவதால். ஆறியதும் மறுபடி ஓட முயலும். ஒவ்வொரு முறையும் வைண்டிங் (மோட்டாரின் கம்பிச் சுருள்) வேகிறது, அதனால்தான் பிளக்கைப் பிடுங்கச் சொல்கிறேன்.

ஒரு கேள்வி. சத்தம் கனமாக, அடைபட்டதுபோல இருக்கிறதா, இல்லை வழக்கம்போல சீராக ஓடுகிற சத்தமா? சீராக ஓடியும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் காற்று அடைப்பு, நான்-ரிட்டர்ன் வால்வு (தள்ளிய தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது) ஒட்டிக்கொண்டது, மேலே உள்ள வால்வு மூடியிருப்பது என்று வேறு பக்கம் போக வேண்டும். கனமான உறுமல் என்றால் இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கிறது.

மின்பணியாளர்:
தரையில் தண்ணீர் நிற்கிறதென்றால் அதில் கால் வைத்து பிளக்கைத் தொட வேண்டாம். போர்டில் அந்த லைனின் எம்.சி.பி.யை (பிரேக்கர் சுவிட்ச்) ஆஃப் செய்துவிட்டு இறங்குங்கள்.

மூடியைத் திறக்கும் முன் ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருக்கட்டும். உள்ளே மீத்தேன் இருக்கலாம், தீப்பொறி ஆகாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதைவிட மோசம்: அளவு கூடும்போது மூக்கு உணர்வையே மழுங்கடித்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து. தலையை உள்ளே நீட்டாதீர்கள். ஆள் இறங்கக்கூடிய அளவுத் தொட்டி என்றால் எந்தக் காரணத்துக்கும் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். பம்ப்தான் மேலே வர வேண்டும்.

நிலவறைவாசி:
கனமான உறுமல்தான். ஃப்ளோட்டின் பிளக் சுவரில் இருக்கிறது, பம்பின் பிளக் அதன் முதுகில் செருகியிருக்கிறது. தொட்டி சிறியது, வாய் 45 செ.மீ. இருக்கும். பம்பை எப்படி வெளியே எடுப்பது?

குழாய்ப்பணி:
ஃப்ளோட் போனதா என்று பின்னால் எப்போதாவது சந்தேகம் வந்தால், பம்பின் பிளக்கை மட்டும் நேராகச் சுவரில் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். தொட்டியில் தண்ணீர் இருக்கும்போது மட்டும், சில நொடிகள்தான். இப்போது அது வேண்டாம்.

மேலே உள்ள கேட் வால்வை மூடுங்கள். இல்லையென்றால் நான்-ரிட்டர்ன் வால்வுக்கு மேல் நிற்கும் தண்ணீர், இணைப்பைத் தளர்த்தியதும் கீழே கொட்டும். 50 மி.மீ. குழாயில் 3 மீட்டர் உயரத்துக்கு சுமார் 6 லிட்டர் நிற்கும், அத்தனையும் கழிவு. கனமான கையுறை, கண்ணாடி, கீழே ஒரு வாளி. பிறகு சங்கிலியையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்குங்கள். கேபிளைப் பிடித்து இழுத்தால் அது உள்ளே நுழையும் இடத்து சீல் கிழிந்து, நல்ல பம்பும் கெட்டுவிடும்.

வெளியே எடுத்ததும் கழுவி, அடித்தட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் இம்பெல்லர் தெரியும். கையால் சுற்றிப் பாருங்கள், லேசாகச் சுற்ற வேண்டும். கழுவ பிளீச் போட்டால், அதோடு அமில டாய்லெட் கிளீனர் எதையும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

நிலவறைவாசி:
எடுத்தேன். ஈரத் துடைப்பான்கள் முறுக்கிக் கயிறுபோல இம்பெல்லரைச் சுற்றியிருந்தன, கூடவே பல் இடுக்கு நூல். வெட்டி எடுத்ததும் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் பெரிய வாளித் தண்ணீரில் வைத்து ஆன் செய்ததும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் கரன்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகிறது. தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்கிறது.

மின்பணியாளர்:
அப்படியென்றால் ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் தடுப்பது) போய்விட்டது. மோட்டாருக்குள் இருக்கும் எண்ணெய் வெளியே வருகிறது, தண்ணீர் உள்ளே போகிறது. மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தால் 1 மெகாஓமுக்குக் கீழேதான் காட்டும், அதாவது இன்சுலேஷன் கெட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேராகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஈரத்தில் நிற்கும் மனிதனைக் காப்பாற்ற இருப்பது அது ஒன்றுதான்.

பழைய வாசகர்:
சீல், பேரிங் மாற்றி, ரீவைண்டிங் செய்தால் மறுபடி ஓடும், எங்கள் கட்டடத்தில் ஓடுகிறது. இல்லையென்றால் கட்டர் பம்ப் (கழிவை வெட்டி அரைத்துத் தள்ளுவது) வாங்கிவிடுங்கள், துடைப்பான் பிரச்சினையே இருக்காது.

குழாய்ப்பணி:
கட்டடத்துக்குப் போடும் பெரிய பம்ப் என்றால் ரிப்பேர்தான் சரி, உங்களோடு உடன்படுகிறேன். அரை எச்.பி.க்கு சீல், பேரிங், வைண்டிங் மூன்றையும் கூட்டினால் புதுசை நெருங்கிவிடும். இவருக்குப் புதுசுதான். கட்டர் பம்ப், கழிவை நெடுந்தூரமோ அதிக உயரமோ சிறிய குழாயில் தள்ள வேண்டிய இடத்துக்கு. இவருக்கு நேர் மேலே குழாய் இருக்கிறது, 50 மி.மீ. கட்டியைக் கடத்தும் சாதாரண கழிவுநீர் பம்ப் போதும். துடைப்பானைக் குப்பையில்தான் போட வேண்டும், கட்டர் அதற்கு மருந்தல்ல.

வாங்கும்போது பெட்டிமேல் போட்ட அதிகபட்ச லிட்டரைப் பார்க்காதீர்கள். தொட்டி அடியிலிருந்து குழாயின் உச்சிவரை உயரம் அளந்து, குழாய் நீளம், எல்போக்களின் உராய்வுக்கும் கொஞ்சம் சேர்த்து, அந்த உயரத்தில் எவ்வளவு தள்ளும் என்று பம்பின் வரைபடத்தில் பாருங்கள். 50 மி.மீ. குழாயில் கட்டிகள் தங்காமல் போக நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 70 லிட்டருக்கு மேல். மழைத் தண்ணீர் இறைக்கும் சம்ப் பம்பை மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள்.

நான்-ரிட்டர்ன் வால்வையும் சேர்த்து மாற்றுங்கள், அம்புக்குறி மேல்நோக்கி. அதற்குக் கீழே, தொட்டிக்குள் இருக்கும் குழாயில், சுமார் 5 மி.மீ. துளை ஒன்று வேண்டும் (பம்போடு வந்த தாளில் அளவு இருக்கும்). அது இல்லாததால் காற்று அடைபட்டு, புதுப் பம்பே வேலை செய்யாமல் திருப்பி அனுப்பப்பட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓடும்போது அதில் தண்ணீர் பீய்ச்சும், அது கோளாறு இல்லை. ஃப்ளோட் சுவரிலோ குழாயிலோ தட்டாமல் ஆட வேண்டும். மூடியின் கேஸ்கெட் (ஓரத்து ரப்பர்) புதுசாக இருக்கட்டும், தொட்டியின் வாயு வெளியேறும் வென்ட் குழாயை அடைக்கவே கூடாது.

நிலவறைவாசி:
எல்லாம் போட்டாயிற்று, சுத்தத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், நன்றாக இறைக்கிறது. ஆனால் நிற்கும்போது குழாயில் "டம்" என்று ஒரு அடி விழுகிறது. அதற்கு என்ன செய்வது?

குழாய்ப்பணி:
தண்ணீர் திரும்பி விழும்போது வால்வின் மடல் அறைந்து மூடும் சத்தம் அது. குழாயைச் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், இடையில் ரப்பர் வையுங்கள். வால்வை ரப்பர் கப்ளிங்கில் மாட்டினால் இன்னும் குறையும். அடிக்குப் பிறகு தண்ணீர் இறங்கும் சத்தம் தொடர்ந்து கேட்டால், அல்லது யாரும் பயன்படுத்தாமலே பம்ப் மறுபடி ஓடினால், மடல் சரியாக மூடவில்லை என்று அர்த்தம். அப்போது வால்வைக் கழற்றிப் பாருங்கள்.