சின்ன ஹைஸ்கூல், பெரிய ஹைஸ்கூல்: டெக்சாஸ்ல உங்க பிள்ளைகளுக்கு என்ன நடந்துச்சு?

மேற்கு டெக்சாஸ் அம்மா:
எண்ணெய்க் கிணத்து ஊரு. ஹைஸ்கூல்ல நாலு வகுப்பும் சேர்த்தே இருநூறு பேர்தான். லெவன்த்துக்கு கோர்ஸ் தேர்வு பண்றப்ப கவுன்சிலர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினாங்க. ஏ.பி. (ஹைஸ்கூல்லயே படிக்கிற காலேஜ் தரப் பாடம்) கால்குலஸ் நாலாவது பீரியட், மியூசிக் பேண்டும் நாலாவது பீரியட். ரெண்டுக்கும் தனித்தனியா ஒரே ஒரு செக்‌ஷன். வேற பீரியட்டுக்கு மாத்த வழியில்ல, கால்குலஸ் வாத்தியார்தான் அல்ஜிப்ராவும் எடுக்கணும். ஆறாவதுலேருந்து கிளாரினெட் வாசிக்கிற பொண்ணு, "காலேஜ்ல எதைப் பார்ப்பாங்க?"ன்னு கேட்டா. கவுன்சிலர் பதில் சொல்லாம என்னைப் பார்த்தாங்க. கால்குலஸ்தான் எடுத்தா. எனக்கு இன்னும் மனசு ஆறலை.

வடக்கு டல்லாஸ் அப்பா:
எங்க பக்கம் நேர் எதிர். ஒரு வகுப்புலயே ஆயிரம் பேருக்கு மேல, மல்டிவேரியபிள் கால்குலஸ் வரைக்கும் இருக்கு. ஆனா ஆர்கெஸ்ட்ராவுக்கு ஏ.பி. மாதிரி வெயிட் (கூடுதல் பாயிண்ட்) கிடையாது, நூத்துக்கு நூறு வாங்கினாலும் ஜி.பி.ஏ. (கிரேடு சராசரி) இறங்கும். என் பையன் பக்கத்துல உட்கார்ந்து வயோலா வாசிச்ச பிள்ளை ரேங்குக்காகவே விட்டுட்டான். ஸ்கூல் வயோலாவைத் திருப்பிக் கொடுக்கிறப்ப, வில்லைத் துடைச்சுத் துடைச்சுப் பெட்டியில வெச்சான். என் பையன் விடலை. யூ.டி. ஆஸ்டின் (டெக்சாஸ் அரசு யூனிவர்சிட்டி) வகுப்பு ரேங்கை வெச்சே கொடுக்கிற ஆட்டோமேட்டிக் அட்மிஷன் அப்ப டாப் 6 சதவீதம், அதுக்குள்ள வரலை. 2026 ஃபால்லேருந்து 5 ஆக்கிட்டாங்க. மேற்கு டெக்சாஸ் அம்மா, உங்க பொண்ணுக்கு ரேங்க் கவலையாவது இல்ல.

ஹூஸ்டன் சித்தப்பா:
இதை ஒத்துக்க மாட்டேன் சார். இருநூறு பேர் ஸ்கூல்னா வகுப்புக்கு ஐம்பது பேர். அதுல 5 சதவீதம் எத்தனை? ரெண்டு, மூணு பேர். ஒரே ஒரு பி கிரேடு போதும் வெளியே தள்ள. உள்ளே போனாலும் கேட்ட மேஜர் (முக்கியப் பாடம்) கிடைக்கும்னு இந்த ஆட்டோமேட்டிக் அட்மிஷனைக் கொண்டு வந்த 1997 சட்டம் சொல்லலை. எங்க அண்ணன் பையனுக்கு யூ.டி. கிடைச்சுது, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலை. அட்மிஷன் லெட்டர்ல முதல் வரியைப் படிச்சதும் வீடே சந்தோஷத்துல கத்துச்சு. கீழே மேஜர் என்னன்னு அண்ணிதான் முதல்ல பார்த்தாங்க.

இனிமே அப்ளை பண்றவங்க கேட்டுக்கங்க. கவுன்சிலர் அனுப்புற ஸ்கூல் புரொஃபைல்ல அங்க என்னென்ன கோர்ஸ் இருக்குன்னு பொதுவா இருக்கும். உங்க ஸ்கூல்ல இருக்கிறதுக்குள்ள பிள்ளை எவ்வளவு கஷ்டமானதை எடுத்திருக்குன்னு ஒரு படிவத்துல குறிப்பாங்க. ஆனா பீரியட் மோதல் அதுல வராது. டிரான்ஸ்கிரிப்ட்ல பேண்ட் திடீர்னு நின்ன மாதிரிதான் தெரியும். அதைக் கவுன்சிலர் லெட்டர்ல எழுதச் சொல்லிக் கேளுங்க, காமன் ஆப்ல (பல காலேஜுக்கும் பொதுவான அப்ளிகேஷன்) கூடுதல் தகவல் பகுதியிலயும் ரெண்டு வரி போடுங்க. வகுப்பு எடுக்காமலே ஏ.பி. பரீட்சை எழுதலாம். உங்க ஸ்கூல்ல நடத்தலைன்னா வேற ஸ்கூல் ஏ.பி. கோஆர்டினேட்டரை ஃபால் ஆரம்பத்துலயே பிடிங்க, நவம்பர் நடுவைத் தாண்டினா லேட் ஃபீஸ். கம்யூனிட்டி காலேஜ் டூயல் கிரெடிட்டை (ஹைஸ்கூலுக்கும் காலேஜுக்கும் சேர்த்துக் கணக்காகிற பாடம்) டெக்சாஸ் அரசு யூனிவர்சிட்டிகள் பெரும்பாலும் ஏத்துக்கும், தனியார்ல ஒவ்வொண்ணா விசாரிக்கணும்.

மேற்கு டெக்சாஸ் அம்மா:
சித்தப்பா, லெட்டர்ல எழுதினாங்க. எழுதினதால அவ கிளாரினெட் திரும்ப வந்துடலை. பன்னிரண்டு வயசுலேருந்து வாசிச்சதை ஒரு டைம்டேபிள் நிறுத்தக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

பான்ஹேண்டில் அப்பா:
எங்க ஊர்ல பிசிக்ஸ் டீச்சர் ஆகஸ்ட்ல விட்டுட்டுப் போயிட்டாங்க. ஏ.பி. பிசிக்ஸ் ஆன்லைன் ஆயிடுச்சு. லைப்ரரி மூலையில என் பையன் மட்டும் ஹெட்ஃபோன் மாட்டிட்டு உட்கார்ந்திருந்தான், எதிர்ல லேப் பூட்டிக் கிடந்துச்சு. அவன் அப்ளை பண்ற இடத்துல ரெண்டு டீச்சர் லெட்டர் வேணும், ஒண்ணு கணக்கு இல்லன்னா சயின்ஸ். ஆன்லைன் டீச்சர் அவன் முகத்தையே பார்த்ததில்ல. பத்தாவதுல கெமிஸ்ட்ரி எடுத்தவங்ககிட்ட இப்ப கேட்டிருக்கோம். பழைய டீச்சர் லெட்டரோட இன்ஜினியரிங்குக்கு அப்ளை பண்ணவங்க இருந்தா சொல்லுங்க.