சர்வர் ஐபி மாற்றியபோது பட்டது: குமுளி அனுபவம்

குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகத்துக்கு நான்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். வீடு கம்பத்தில். பதினொரு மெஷின், ஒரு சர்வர். ஐப்பசி மழை இடியில் ரவுட்டர் போய்விட்டது. சர்வருக்கு நிலையான ஐபி (நெட்வொர்க்கில் ஒரு மெஷினைக் கண்டுபிடிக்கும் எண்) யாரும் போட்டிருக்கவில்லை. பழைய ரவுட்டர் எப்போதும் 192.168.1.105-ஐக் கொடுத்து வந்தது. புதியது வேறொன்றைக் கொடுக்க, எந்த மேஜையிலும் டாலி (கணக்கு மென்பொருள்) திறக்கவில்லை.

ரவுட்டர் தானாகக் கொடுக்கும் எண்கள் 100-லிருந்து தொடங்கும். அதற்கு வெளியே 192.168.1.10-ஐ நிரந்தரமாகப் போட்டுவிடலாம் என்று ஞாயிறு காலை வீட்டிலிருந்தே ரிமோட்டில் நுழைந்தேன். ஐபி, சப்நெட் மாஸ்க் அடித்தேன்; கேட்வே, அதாவது இணையத்துக்குப் போக வழியான ரவுட்டரின் எண், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் ஓகே கொடுத்துவிட்டேன். திரை அப்படியே நின்றது. லோயர் கேம்ப் மலைப்பாதை ஏறிப் போய்த்தான் அந்த ஒரு வரியைச் சேர்க்க முடிந்தது. தயவுசெய்து இந்த வேலையை மட்டும் மெஷின் முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள்.

எல்லா மெஷினிலும் டாலியையும் ஷேர் ஃபோல்டரையும் புது எண்ணுக்கு மாற்றிவிட்டு இறங்கினேன். திங்கள் காலை கணக்குப் பார்க்கும் சேச்சி போன்: "மோனே, ஸ்கேன் வருன்னில்லல்லோ." ஸ்கேனை சர்வருக்கு அனுப்பும் ஜெராக்ஸ் மெஷினுக்குள் பழைய எண். கைரேகை வைக்கும் மெஷினுக்குள்ளும் அதே.

பிறகு செய்ததை முதலிலேயே செய்திருக்க வேண்டும். 105 யாரிடமும் இல்லை என்று பிங் (அந்த எண்ணிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்துப் பார்த்து, ரவுட்டர் கொடுக்கும் எண்களை 120-லிருந்து தொடங்க வைத்து, சர்வரின் அதே நெட்வொர்க் கார்டில் 105-ஐ இரண்டாவது ஐபியாகச் சேர்த்தேன். இரண்டு எண்ணிலும் சர்வர் பதில் சொல்லும். தினமும் சர்வரில் 'நெட்ஸ்டாட் -என்' (netstat -n, அப்போதுள்ள இணைப்புகளைக் காட்டும் கட்டளை) அடிப்பேன். லோக்கல் அட்ரஸில் 105 இருக்கும் வரிக்கு எதிரே, இன்னும் பழைய எண்ணைத் தேடி வருபவரின் ஐபி தெரியும். எடை போடும் அறையில் எல்லோரும் மறந்துபோன ஒரு லேப்டாப் அப்படித்தான் அகப்பட்டது. மூன்று வாரம் யாரும் வராத பிறகே 105-ஐ எடுத்தேன்.

பதில், நகரியிலிருந்து:

அண்ணா, எங்கள் ஜவுளிக் கடையில் எண்ணுக்குப் பதில் சர்வர் பெயரையே எல்லா இடத்திலும் கொடுத்திருந்தோம். அதனால் ஐபி மாற்றியபோது பாதி வேலை மிச்சம். ஆனாலும் இரண்டு மெஷின் பழைய ஐபியை நினைவில் வைத்துக்கொண்டு அங்கேயே போயின. அந்த நினைவை அழிக்கும் 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' (ipconfig /flushdns) கட்டளையை அவற்றில் அடித்தபின் சரியானது. ஜெராக்ஸ் மெஷினில் மட்டும் எண்ணைத்தான் போட்டிருந்தோம், அதை நாங்களும் மறந்தோம். நெட்ஸ்டாட் யோசனை எனக்குப் புதிது. நாளைக்கே கடையில் அடித்துப் பார்க்கிறேன்.